நீலப்புள்ளி எப்போது பொய் சொல்லும்? நீலகிரியில் மேப், ஜிபிஎஸ் வைத்து நடக்கவும் கல் பார்க்கவும்

2024 ஜனவரியில் கூடலூரில் ஒரு கார் படிக்கட்டில் இறங்கி மாட்டிக்கொண்டது. சுற்றுலா வந்துவிட்டுக் கர்நாடகம் திரும்பிக்கொண்டிருந்தவர்கள், போன் மேப் காட்டிய குறுக்குவழியை நம்பி வந்திருக்கிறார்கள். பாதி இறங்கிய பிறகுதான் கீழே இருப்பது சாலை இல்லை, வீடுகளுக்கு நடுவே போகிற படிகள் என்று தெரிந்திருக்கிறது. ஊர்க்காரர்களும் போலீஸ்காரர்களும் சேர்ந்து வண்டியை மீட்டார்கள். அந்தப் படத்தைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முழுசாகச் சிரிப்பு வரவில்லை. அதே தப்பை நான் காலால் செய்திருக்கிறேன். படம் எடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

நான் பந்தலூர் பக்கம் இருப்பவன். ஜியாலஜி படிக்கிற பிள்ளைகள், பாறை பார்ப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள், "தேவாலாவில் தங்கம் இருக்காமே" என்று கேட்டுக்கொண்டு வருபவர்கள், இப்படிப் பல பேரோடு நடந்திருக்கிறேன். எல்லோர் கையிலும் நல்ல போன் இருக்கிறது. மேப்பில் ஒரு நீலப்புள்ளி இருக்கிறது. அந்தப் புள்ளி எப்போது உண்மை சொல்லும், எப்போது பொய் சொல்லும் என்பதுதான் பெரும்பாலானவர்களுக்குத் தெரிவதில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அதைத்தான் வரிசையாகச் சொல்லப் போகிறேன்.

முதலில், வீட்டில் உட்கார்ந்து

முக்கால்வாசி வேலை கிளம்புவதற்கு முந்தின இரவே முடிந்துவிட வேண்டும். ஜிபிஎஸ் வேலை செய்ய இணையம் தேவையில்லை, சிம் கார்டுகூடத் தேவையில்லை. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களிலிருந்து வரும் சிக்னலைப் போன் கேட்டுக்கொள்கிறது. பதிலுக்கு எதையும் அனுப்புவதில்லை. ஆனால் அந்தப் புள்ளியை வைத்துப் பார்க்கிற படம் இணையத்திலிருந்து வருகிறது. தேவாலாவிலிருந்து இரண்டு வளைவு உள்ளே போனால் டவர் போய்விடும். அப்புறம் வெறும் சாம்பல் கட்டத்தின் நடுவில் ஒரு நீலப்புள்ளி மட்டும் நிற்கும். அதை வைத்து என்ன செய்வது?

எனவே படத்தை முன்கூட்டியே இறக்கி வைக்க வேண்டும். கூகுள் மேப்பில் ஒரு பகுதியை ஆஃப்லைனாகச் சேமிக்கலாம், ஆனால் அப்படிச் சேமித்ததில் வண்டிக்குத்தான் வழி சொல்லும், நடைக்குச் சொல்லாது. அதோடு சில காலத்தில் அது காலாவதியாகியும் விடும். நடப்பதற்கு ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஓஎஸ்எம்ஆண்ட் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொதுப் படத்தை எடுத்துக்கொள்கின்றன. தன்னார்வலர்கள் வரைந்த படம் அது. எஸ்டேட் ஒற்றையடிப் பாதை, ஓடை, கோயில் எல்லாம் சில இடங்களில் ஆச்சரியப்படும்படி இருக்கும். அதே சமயம், பத்து வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் நடந்து வரைந்த பாதை இப்போது உண்ணிச்செடிப் புதராகியிருக்கும். கோடு இருப்பதால் வழி இருக்கிறது என்று நினைக்க வேண்டாம்.

மூன்றாவதாக, இந்திய நில அளவைத் துறையின் படம். இதைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். 1:50,000 அளவில் இருக்கும் இந்த டோபோ ஷீட்டுகளைத் துறையின் இணையதளத்தில் பதிவு செய்து இறக்கலாம். படத்தில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் 500 மீட்டர். பழைய எண் முறையில் தேவாலா, பந்தலூர் இருக்கும் ஷீட் 58ஏ/7; ஊட்டி 58ஏ/11; குன்னூரும் கோத்தகிரியும் 58ஏ/15. புது எண்கள் சி43 என்று தொடங்கும். பழைய ஷீட்டை ஸ்கேன் செய்து யாராவது கொடுத்தால் ஒன்றைக் கவனியுங்கள். பழையவை எவரெஸ்ட் 1830 என்ற பூமிக் கணக்கின்படி வரையப்பட்டவை. உங்கள் போனின் கணக்கு டபிள்யூஜிஎஸ்84. இரண்டையும் திருத்தாமல் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் நம் பகுதியில் நூறு, இருநூறு மீட்டர் தள்ளிப் போகும். சோலைக்குள் இருக்கிற ஆளைத் தேயிலைக் காட்டுக்குள் காட்ட அது போதும்.

டோபோ ஷீட்டில் பழுப்புக் கோடுகளைப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். அவை சம உயரக் கோடுகள். ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் 20 மீட்டர் உயர வித்தியாசம். கோடுகள் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் வந்தால், 50 மீட்டர் நடையில் 20 மீட்டர் ஏறுகிறோம் என்று அர்த்தம், மூச்சு வாங்கும். அரை மில்லிமீட்டர் என்றால் கையை ஊன்றித்தான் ஏற வேண்டும். அதற்கும் நெருக்கமாக ஒட்டிக்கொண்டிருந்தால் அது பாறைச் சுவர், அந்தப் பக்கம் வேண்டாம். கோடுகளின் முனை மேட்டுப்பக்கம் கூராக வளைந்தால் அது ஓடைப் பள்ளம். இறக்கப் பக்கம் வளைந்தால் மலை முதுகு. இந்த இரண்டை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்குப் பழகிவிட்டால், மூடுபனியில் போன் கைவிட்டாலும் நீங்கள் முதுகில் நிற்கிறீர்களா, பள்ளத்தில் நிற்கிறீர்களா என்று தெரியும்.

நேரக் கணக்குக்கு நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் சொன்ன விதி இன்றும் உதவுகிறது: சமதரையில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். அவர் அட்டைக்கடி வாங்கியதில்லை போலும். ஜூன், ஜூலையில் தேவாலாப் பக்கம் நடப்பதென்றால் அந்தக் கணக்கோடு பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

எண்களைச் சரியாக எழுதுவது

ஒரு இடத்தைச் சொல்ல அட்சரேகை, தீர்க்கரேகை என்று இரண்டு எண்கள். தேவாலா சுமாராக வடக்கே 11.47, கிழக்கே 76.38. இதில் புதியவர்கள் விழுகிற குழி ஒன்று உண்டு. பழைய புத்தகத்திலோ ஷீட்டிலோ 11 டிகிரி 24 நிமிடம் என்று இருப்பதைப் போனில் 11.24 என்று அடித்துவிடுவார்கள். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். 24 நிமிடம் என்பது 0.40 டிகிரி. சரியான எண் 11.40. இந்த ஒரு புள்ளித் தவறில் இடம் கிட்டத்தட்ட 18 கிலோமீட்டர் தெற்கே போய்விடும். ஊட்டிக்குப் பக்கத்தில் தேட வேண்டியதைக் குந்தா சரிவில் தேடுவீர்கள். நண்பருக்கு இடம் அனுப்பும்போதும் அப்படித்தான்: எந்த முறையில் எழுதியிருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை சேர்த்து அனுப்புங்கள்.

புள்ளிக்குப் பிறகு எத்தனை இலக்கம்? ஐந்தாவது இலக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர், நான்காவது பதினோரு மீட்டர். போன் ஏழு இலக்கம் காட்டும், அது அலங்காரம். ஐந்து எழுதினால் போதும்.

பஸ் ஏறுவதற்கு முன் ஒரு சோதனை

சோதனை இதுதான். போனை ஃபிளைட் மோடில் போடுங்கள். இறக்கி வைத்த படத்தைத் திறந்து, போக வேண்டிய இடத்தைத் தேடி, நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். தெருவும் ஓடையும் தெரிந்தால் சரி. தெரியவில்லை என்றால் நீங்கள் எதையும் இறக்கவில்லை, இதுவரை வைஃபை உங்களை ஏமாற்றிக்கொண்டிருந்தது.

டவர் இருக்கும் இடத்திலேயே, திறந்த வெளியில் நின்று, ஒருமுறை ஜிபிஎஸ் இடம் பிடிக்க விடுங்கள். இணையம் இருந்தால் போன் செயற்கைக்கோள்கள் எங்கே இருக்கின்றன என்ற தகவலை அங்கிருந்து எடுத்துக்கொண்டு சில நொடிகளில் வேலையை முடிக்கும். இணையமே இல்லாமல், பழைய தகவலும் இல்லாமல் தொடங்கினால், அந்தப் பட்டியல் முழுவதையும் வானத்திலிருந்து கேட்டு வாங்க 12.5 நிமிடம்வரை ஆகும். "என் போன்ல ஜிபிஎஸ் வேலை செய்யல" என்று சோலை ஓரத்தில் நின்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் இந்த வகை.

இனி என் கதை. சில வருஷம் முன்பு, மழை விட்டிருந்த ஒரு ஆகஸ்ட் காலையில், அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு எஸ்டேட்டுக்குள் தனியாக நடந்தேன். பாதையைப் பதிவு செய்யும் செயலியை ஓடவிட்டுப் போனைப் பையில் போட்டேன். திரும்பும்போது மூடுபனி இறங்கிவிட்டது. வந்த பாதையைப் பார்த்துத் திரும்பலாம் என்று போனை எடுத்தால், காலை 10:40 வரை வளைந்து வளைந்து போன கோடு, அங்கிருந்து நான் நின்ற இடத்துக்கு அம்பு விட்டாற்போல் நேராக இருந்தது. பேட்டரியை மிச்சப்படுத்தப் போனே அந்தச் செயலியைத் தூங்க வைத்திருக்கிறது. மறுபடி திறந்ததும் இரண்டு புள்ளிக்கும் நடுவே ஒரு நேர்க்கோட்டை இழுத்து விட்டது. எனக்கு அது தெரியவில்லை. கோடு இருக்கிறதே என்று அதன் மேலேயே நடந்தேன். கால் சறுக்கத் தொடங்கியபோது பக்கத்து வரிசையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா சத்தம் போட்டார்: "தம்பி, போனைப் பாக்காதீங்க, தண்ணி சத்தம் எந்தப் பக்கம்னு கேளுங்க!" கேட்டேன். எனக்கு நேர் எதிரே, கீழே, ஓடை இரைந்துகொண்டிருந்தது. இன்னும் முப்பது அடி போயிருந்தால் பள்ளம்.

அதனால், பதிவுச் செயலியைப் பேட்டரி சேமிப்புப் பட்டியலிலிருந்து விலக்கி வையுங்கள். செட்டிங்ஸில் பேட்டரி பகுதியில் அந்தச் செயலிக்குக் கட்டுப்பாடு வேண்டாம் என்று கொடுக்க வேண்டும். ஒவ்வொரு கம்பெனி போனிலும் இது ஒவ்வொரு பெயரில் ஒளிந்திருக்கும், பொறுமையாகத் தேடுங்கள். நடக்கும்போது அரை மணிக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள், கோடு வளைந்து வளைந்து வருகிறதா என்று. நேர்க்கோடு தெரிந்தால் அந்தத் துண்டை நம்ப வேண்டாம்.

பேட்டரி உண்மையிலேயே தீருவதற்குக் காரணம் பெரும்பாலும் ஜிபிஎஸ் இல்லை. டவர் இல்லாத இடத்தில் போன் விடாமல் டவரைத் தேடிக்கொண்டே இருக்கும். ஃபிளைட் மோடில் போட்டு ஜிபிஎஸ்ஸை மட்டும் விட்டு வைத்தால் நாள் முழுக்க வரும். ஜனவரி உறைபனியில் ஊட்டிப் பக்கம் என்றால் போனைச் சட்டைக்குள் வையுங்கள். குளிரில் லித்தியம் பேட்டரி முப்பது சதவீதம் காட்டிக்கொண்டே அணைந்துவிடும். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று, அதன் கேபிளோடு. கேபிளை மறந்து பவர் பேங்க்கை மட்டும் சுமந்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மலையில்: புள்ளியைப் படிப்பது

நீலப்புள்ளியைச் சுற்றி ஒரு வெளிர்நீல வட்டம் இருக்கும். எல்லோரும் புள்ளியைப் பார்ப்பார்கள். நீங்கள் வட்டத்தைப் பாருங்கள். "நீ இந்த வட்டத்துக்குள் எங்கேயோ இருக்கிறாய்" என்பதுதான் போன் சொல்கிற செய்தி. இடம் கணிக்கக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் வேண்டும். திறந்த வெளியில் நல்ல போன் 5 மீட்டருக்குப் பக்கத்தில் பிடித்துவிடும். தேயிலைக் காடு இதற்கு உத்தமம், இடுப்பளவு செடிக்கு மேல் வானம் முழுசாகத் தெரியும். சோலைக்குள் போனால் ஈர இலைகள் சிக்னலைத் தின்றுவிடும். பள்ளத்தாக்கில் பாறைச் சுவரில் பட்டுத் திரும்பி வரும் சிக்னல் தூரத்தைக் கூட்டிக் காட்டும். நான் பார்த்தவரை சோலைக்குள் 15, 20 மீட்டர் பிசகு சாதாரணம். ஓடைப் பள்ளத்தில் அதற்கும் மேலே. நின்ற இடத்திலேயே புள்ளி துள்ளிக்கொண்டிருந்தால், இரண்டு நிமிடம் அசையாமல் நின்று, அது அடங்கிய பிறகு குறியுங்கள்.

உயரம் தனி விவகாரம். ஜிபிஎஸ்ஸில் பக்கவாட்டுப் பிசகைவிட உயரப் பிசகு எப்போதும் கூடுதல். அதற்கு மேல் நம் பகுதிக்கென்றே ஒரு விசித்திரம் உண்டு. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் புவியீர்ப்பு குறைவாக இருப்பதால், கடல் மட்டம் என்று நாம் சொல்கிற பரப்பு, ஜிபிஎஸ் வைத்துக்கொள்கிற வழவழப்பான கணக்குப் பூமியைவிட அங்கே நூறு மீட்டருக்கும் மேல் பள்ளமாக இருக்கிறது. நீலகிரியில் அந்த வித்தியாசம் 90 மீட்டருக்குக் கிட்ட. சில செயலிகள் இதைத் திருத்தாமல் அப்படியே காட்டிவிடும். தொட்டபெட்டா 2,637 மீட்டர். சிகரத்தில் நிற்கும்போது உங்கள் செயலி 2,545 என்று காட்டினால் மலை தேயவில்லை, செயலி திருத்தவில்லை. ஊசிமலைக்கோ தொட்டபெட்டாவுக்கோ போகிறவர்கள் முதல் வேலையாக இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். எவ்வளவு குறைகிறது என்று தெரிந்துவிட்டால், அப்புறம் எல்லா இடத்திலும் அதைக் கூட்டிக்கொண்டால் போதும்.

போனின் திசைகாட்டி வேறு ஆள். அது காந்தம் பார்த்துத் திசை சொல்கிறது. மூடியில் காந்தம் வைத்த போன் கவர் போட்டிருந்தால் கழற்றுங்கள். காற்றில் எட்டுப் போடுவது போல் போனைச் சுழற்றினால் அது தன்னைத் திருத்திக்கொள்ளும். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசம் நம் பக்கம் இரண்டு டிகிரிக்குள்தான், விட்டுவிடலாம். ஆனால் மேக்னடைட் என்கிற காந்தக் கனிமம் கலந்த பாறை மேல் போனை வைத்துப் பார்த்தால் ஊசி எங்கேயோ போகும். பாறையை விட்டு நாலு அடி தள்ளி நின்று மறுபடி பாருங்கள்.

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியை வாங்கிக்கொண்டு வர வேண்டாம். இந்தியாவில் அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போனோ அந்த மாதிரிக் கருவியோ வைத்திருப்பது குற்றம்; விமான நிலையத்திலேயே வெளிநாட்டவர்கள் பிடிபட்டிருக்கிறார்கள். செயற்கைக்கோளை வெறுமனே கேட்கிற ஜிபிஎஸ் கருவிக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

யார் இடம்?

மேப்பில் பச்சையாக இருப்பதெல்லாம் ஒன்றில்லை. ஒரு பச்சை ரிசர்வ் பாரஸ்ட், இன்னொன்று எஸ்டேட், வேறொன்று யாருடையது என்றே இன்னும் முடியாத வழக்கு. கூடலூர், பந்தலூர் தாலுகாக்களில் 1969 ஜென்மி ஒழிப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவில் வருகிற, உரிமை இன்னும் தீராத நிலங்கள் என்று சொன்னால் இங்கே டீக்கடையில்கூட அரை மணி நேரம் பேசுவார்கள். தமிழ்நாடு அரசின் டிஎன்ஜிஐஎஸ் தளத்தில் ஒரு இடத்தைத் தொட்டால் சர்வே எண் தெரியும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். எஸ்டேட் என்றால் ஆபீஸில் போய்க் கேளுங்கள், மேஸ்திரியிடம் தலைகாட்டிவிட்டுப் போங்கள். நான் கேட்டு மறுத்தவர்கள் குறைவு. கேட்காமல் போனவர்களைத் துரத்தியவர்கள் நிறைய.

காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது பற்றிப் பேச்சே வேண்டாம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போன 20க்கும் மேற்பட்டவர்கள் காட்டுத்தீயில் இறந்த பிறகு மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகளே போட்டிருக்கிறது. 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் மாநிலம் முழுக்க 40 பாதைகள் இருக்கின்றன. நீலகிரியில் லாங்வுட் சோலை, கெயின் ஹில் போன்றவை உண்டு. உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். ஜிபிஎஸ் பழக இதைவிட நல்ல இடம் கிடையாது. வழி தவறாது என்ற தைரியத்தில் உங்கள் மேப்பை அவர் நடையோடு ஒப்பிட்டுக்கொண்டே போகலாம். வெளியூர் வண்டியில் வருகிறவர்கள் இ-பாஸ் எடுத்துக்கொண்டு வாருங்கள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு மேப் கல்லட்டி வழியைக் காட்டும், தூரம் குறைவு என்று; 36 கொண்டை ஊசி வளைவு, அந்த இறக்கத்தில் வெளியூர் வண்டிகளை விடுவதில்லை.

யானை விஷயத்தில் எந்த மேப்பும் உதவாது. காலையில் டீ குடிக்கும் கடையில் "நேத்து எங்க நின்னுச்சு?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். என்னவென்று சொல்ல வேண்டாம், அவர்களுக்குப் புரியும். மாலை நாலரைக்கு மேல் காட்டோரம் நிற்காதீர்கள். நடக்கும்போது காதில் எதையும் மாட்டாதீர்கள்.

கல் தேடுவது

இப்போது தங்கம். 1880ஐ ஒட்டிய வருஷங்களில் தேவாலாவும் பந்தலூரும் லண்டன் பங்குச் சந்தையில் பேசப்பட்ட பெயர்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலிருந்து வந்த பிரஃப் ஸ்மித் என்ற சுரங்க நிபுணர் 1880இல் அரசுக்கு அறிக்கை கொடுத்தார். டஜன் கணக்கில் கம்பெனிகள் முளைத்தன, காப்பித் தோட்டங்கள் சுரங்க விலைக்குக் கைமாறின. வெள்ளைக்கல்லை, அதாவது குவார்ட்ஸை, இடித்துப் பார்த்தால் தங்கம் இருந்தது, ஆனால் செலவுக்குக் கட்டவில்லை. சில வருஷத்திலேயே எல்லாம் மூடிப் போயிற்று. மிச்சம் இருப்பது குழிகள். அந்தக் குழிகளை உண்ணிச்செடி மூடியிருக்கிறது, எந்த மேப்பிலும் அவை இல்லை. இன்னும் ரகசியமாகத் தோண்டுகிறவர்கள் உண்டு. மண் சரிந்து உயிர் போன செய்திகளும் வந்ததுண்டு. பழைய சுரங்க வாய் பக்கம் போக வேண்டாம். 1957 சுரங்க, கனிமச் சட்டப்படி உரிமம் இல்லாமல் கனிமம் தேடுவதே தப்பு, தோண்டுவது அதைவிடப் பெரிய தப்பு. சுத்தியல் வேண்டாம், மண்வெட்டி வேண்டாம். கண், போன், நோட்டு, இந்த மூன்றும் போதும். அனுமதியோடு போன இடத்தில், கிடக்கிற கல்லைப் பார்த்து, குறித்து, படம் எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கல்லைப் பையில் போட்டு எடுத்து வரவும் வேண்டாம்.

அப்படிச் செய்வதில் என்ன சுவாரசியம் என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் 'பூகோஷ்' தளத்தில் நிலவியல் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. நீலகிரி மேட்டின் பெரும்பகுதி சார்னோகைட் என்கிற கருநீலப் பாறை. மேற்கே இறங்கி தேவாலா, பந்தலூர் வந்தால் வரிவரியான நைஸ் பாறையும் அதற்குள் ஓடும் வெள்ளைக்கல் நரம்புகளும். இந்தப் படத்தைக் கணினியில் கியூஜிஐஎஸ் மென்பொருளில் போட்டு, மேலே உங்கள் நடைக்கோட்டை வைத்தால், எங்கே பாறை மாறுகிறது என்று தெரியும். அந்த இடத்தைச் சாலையோர வெட்டுப் பாறையில் போய்ப் பாருங்கள். மலைச்சாலைக்காக வெட்டிய சுவரைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை, யாரிடமும் அனுமதி கேட்கவும் வேண்டாம். வளைவில் வண்டி வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு பயிற்சி சொல்கிறேன். அனுமதி உள்ள ஒரு ஓடையோரப் பாதையில் கீழிருந்து மேலே நடங்கள். ஐம்பது தப்படிக்கு ஒருமுறை நின்று, ஒரு சதுர அடிக்குள் எத்தனை வெள்ளைக்கல் கிடக்கிறது என்று எண்ணுங்கள். உருண்டையாக இருக்கிறதா, முனை கூராக இருக்கிறதா என்று பாருங்கள். உருண்டை என்றால் வெகுதூரம் உருண்டு வந்தது. முனை கூர் என்றால் வீடு பக்கத்தில்தான். ஒவ்வொரு நிறுத்தத்தையும் போனில் ஒரு புள்ளியாகக் குறித்து, பெயரில் அந்த எண்ணையும் ஒரு எழுத்தையும் போடுங்கள்: "07-14-கூ" என்றால் ஏழாவது நிறுத்தம், பதினாலு கல், கூர். மேலே போகப் போக எண்ணிக்கை கூடும், முனை கூராகும். ஒரு இடத்தில் திடீரென்று வெள்ளைக்கல்லே இருக்காது. நரம்பு அதற்குச் சற்றுக் கீழே, ஓடையின் இரண்டு கரையில் ஏதோ ஒன்றில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து புள்ளிகளை மேப்பில் போட்டால் அந்த எல்லை கண்ணுக்குத் தெரியும். பக்கத்து ஓடையிலும் இதையே செய்து, இரண்டு எல்லையையும் ஒரு கோட்டால் சேர்த்தால் நரம்பு எந்தத் திசையில் ஓடுகிறது என்று ஊகிக்கலாம். ஜிபிஎஸ் இல்லாத காலத்திலும் கல் தேடியவர்கள் இப்படித்தான் தேடினார்கள். அவர்கள் தலைக்குள் வைத்திருந்த படத்தை நாம் போனில் வைத்துக்கொள்கிறோம்.

நரம்பையே கண்டுவிட்டால், உருண்டு வந்த கல்லா, பாறையோடு ஒட்டி நிற்பதா என்று முதலில் எழுதுங்கள். இந்த ஒன்றை எழுதாவிட்டால் மற்ற எல்லாக் குறிப்பும் வீண். பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயம் வைத்துப் படம் எடுங்கள். அதன் குறுக்களவு 27 மில்லிமீட்டர், அளவு தெரிந்துவிடும். நரம்பு போகும் திசையைத் திசைகாட்டியில் பார்த்து எழுதுங்கள். புள்ளியைக் குறித்தபோது வட்டம் எத்தனை மீட்டர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மின்னுவதைக் கண்டு பரபரப்பு வேண்டாம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை அது காக்காய்ப்பொன் என்கிற மைக்கா, தகடு தகடாக உரிந்து வரும். இல்லையென்றால் பைரைட், மஞ்சளாக மின்னும், ஊசி முனையால் அழுத்தினால் பொடியாகும். பொன் பொடியாகாது, நசுங்கும்.

திரும்பிய பிறகு

கிளம்பும்போதே ஒருவரிடம் எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குள் அழைப்பீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொன்ன நேரத்துக்கு அழைக்காவிட்டால் அவர் செய்ய வேண்டியது 112க்கோ மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077க்கோ பேசுவது. நடக்கப் போகிற பாதைக் கோட்டை, மேப் செயலிகள் திறக்கக்கூடிய ஜிபிஎக்ஸ் கோப்பாக அவருக்கு அனுப்பி வையுங்கள். வாட்ஸ்அப்பில் போகும்.

இரவே, ஞாபகம் சூடாக இருக்கும்போதே, புள்ளிகளையும் நோட்டையும் ஒப்பிட்டுவிடுங்கள். இரண்டு நாள் தள்ளினால் "வெள்ளைக்கல் 3" எது என்று உங்களுக்கே தெரியாது. படங்களை வெளியே போடுகிறீர்கள் என்றால் அதற்குள் ஒளிந்திருக்கும் இட எண்ணை நீக்கிவிட்டுப் போடுங்கள், முக்கியமாகப் பழைய குழி, கற்திட்டை, விலங்கு இருக்கும் இடங்களுக்கு. நம் படத்தைப் பார்த்து யாரோ மண்வெட்டியோடு வருவார்கள்.

ஆனால் பாதை விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு கணக்குத் தொடங்கிக்கொள்ள ஐந்து நிமிடம் ஆகும். நடந்து பார்த்து மூடிக் கிடக்கிறது என்று தெரிந்த பாதையைத் திருத்துங்கள். ஊர்ப் பொதுவழியில் புதிதாகப் பார்த்ததைச் சேருங்கள், எஸ்டேட்டின் உள்பாதை என்றால் அவர்களைக் கேட்டுவிட்டு. படி இருக்கிற இடத்தில் சும்மா கோடு மட்டும் இருந்தால், அந்தத் துண்டைத் தேர்ந்தெடுத்து அதன் வகையைப் படிக்கட்டு என்று மாற்றிச் சேமித்துவிடுங்கள். அந்தப் படத்தை எடுத்துக்கொள்கிற செயலிகள் அடுத்த முறை புதுப்பிக்கும்போது அந்த வழியாகக் காரை விடாது.